பதில் வராமையும் பொருள் இல்லாமையும்

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் கல்வளைப் பிள்ளையார் இருக்கிறார். அயலூரான மானிப்பாயில் மருதடிப் பிள்ளையார், இணுவிலில் பரராசசேகரப் பிள்ளையார், அளவெட்டியில் கும்பழாவளைப் பிள்ளையார். இவர்கள் நான்கு கடவுளர் என்று வலிகாமத்தில் எவரும் எண்ணுவதில்லை. அதேவேளை, ஒருவர் இடத்தில் மற்றவரை வைத்துக் காரியம் பார்த்துவிடலாம் என்றும் எண்ணுவதில்லை. கல்வளையில் வைத்த நேர்த்தியைக் கல்வளையில்தான் தீர்க்கவேண்டும். 18ஆம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடியதும் கல்வளையில் எழுந்தருளியிருப்பவர் மேல்தான். பொதுப்பட ஒரு பிள்ளையார் மேல் அல்ல. சண்டிலிப்பாயின் சீரணியில் நாகபூசணி அம்மன் கோயில் உண்டு. நயினாதீவிலும் நாகபூசணி அம்மன்தான். ஊர்ப்பெயரை விட்டுவிட்டு 'நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி' என்று மட்டும் எழுதிவைத்தால், பின்வரும் தலைமுறை எந்தக் கோயிலுக்குப் போவது? கிளவுட்டில் தரவுத்தளம் நடத்துகிறவர்களின் பெயர்ச் சிக்கல் இதிலிருந்து வேறானதல்ல. மென்பொருள் ஒன்று, அதன் அமைப்பு ஒன்று, அட்டவணைகள்கூட ஒன்றே. ஆனாலும் 'இன்ஸ்டன்ஸ்' என்று அவர்கள் சொல்லும் ஒவ்வோர் இருப்பும் தனித்தனி. வாடிக்கையாளரின் கணக்கு எதில் எழுதப்பட்டதோ அதில்தான் இருக்கும். அந்த இருப்புக்கு என்ன பெயர் வைப்பது, அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கும்போது பதில் வராவிட்டால் என்ன முடிவுக்கு வருவது என்ற இரண்டு கேள்விகளையும் பொறியியல் நூல்கள் வெவ்வேறு அத்தியாயங்களில் வைக்கின்றன. இரண்டும் ஒரே கேள்வி என்பதும், அது நம் சமய மரபு நெடுங்காலம் மல்லாடிய கேள்வி என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பெயரையும் பிழையையும் அருகருகே வைத்துப் பேசிய நூல் நம்மிடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், பதி (இறை), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றையும் பற்றிப் பேசுமுன் அளவையைப் பேசுகிறது. அறிவதற்கான கருவி எது, அது எங்கே பழுதாகும் என்று தெளிந்தபின்தான் அறியப்படும் பொருளுக்கு வருகிறது. குற்றமற்ற காட்சி எது என்று விளக்கும் இடத்தில் ஐயம், திரிபு, விகற்பம் மூன்றையும் அது வரையறுக்கிறது. ஒன்றை இதுவோ அதுவோ என்று இரட்டுறக் கருதுவது ஐயம். ஒன்றை மற்றொன்றாகவே கொள்வது திரிபு. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்ற ஐந்தோடும் சேர்த்து அறிவது விகற்பம். ஐந்தில் முதலாவதாக நிற்பது பெயர். விகற்ப அறிவு பிழையான அறிவல்ல. பெயரில்லாமல் உலகில் நடமாட முடியாது. ஆனால், பொருள் உண்டு என்ற அளவில் மட்டும் அறிவது வேறு, பெயரிட்டு அறிவது வேறு என்று பிரித்ததில்தான் நூலின் கூர்மை இருக்கிறது. பெயர் நாம் பொருளுக்குக் கொடுப்பது; பொருளின் உடம்பில் அது இல்லை. இந்த நூலுக்கு உரை கண்ட அறுவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் என்பதும், அவர் அளவையைப் பற்றியே பிரமாண தீபிகை என்று ஒரு வடமொழி நூல் எழுதினார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. கோயில் பூசையோடு நின்றுவிடாத சைவம் ஒன்று இந்தக் குடாநாட்டில் இருந்தது.

பெயர் வேறு, பொருள் வேறு என்பது கிளவுட்டிலும் உண்மை. அமேசானின் ஆர்.டி.எஸ் என்ற தரவுத்தளச் சேவையில் ஒரு தரவுத்தள இருப்புக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று நாம் வைக்கும் பெயர். 63 எழுத்துக்கு மேற்படக்கூடாது, ஆங்கில எழுத்தில் தொடங்கவேண்டும், இணைப்புக்கோட்டில் முடியக்கூடாது, ஒரு கணக்கில் ஒரு பிராந்தியத்துக்குள் அதே பெயர் இரண்டுமுறை வரக்கூடாது என்று அதற்கு விதிகள். மற்றது அந்தச் சேவை தானாகவே இடும், மாறாத ஓர் அடையாளம். அதைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. நாம் வைத்த பெயரை மாற்றினால் தரவு அப்படியே இருக்கும், ஆனால் அழைக்கும் முகவரி மாறிவிடும், ஏனெனில் முகவரிக்குள் பெயர் அடங்கியிருக்கிறது. பழைய முகவரியைக் கையில் வைத்திருக்கும் நிரலுக்கு அந்தத் தரவுத்தளம் அழிந்துபோனதாகவே தோன்றும். அழிந்தது பெயர் மட்டும். இதன் மறுதலையும் நடந்திருக்கிறது. கூகுளின் கிளவுட் தரவுத்தளச் சேவையில், ஓர் இருப்பை அழித்தபின் ஒரு வாரம்வரை அதே பெயரை வேறொன்றுக்கு வைக்க முடியாது என்ற விதி இருந்துவந்தது. அங்கே பொருள் போனபின்பும் பெயர் நின்றது. கணினிகளுக்குப் பெயர் வைப்பது குறித்து டொன் லிப்ஸ் என்பவர் எழுதி, 1990இல் இணையத் தரநிலைக் குழுவினரின் ஆவண வரிசையில் வெளிவந்த சிறு கட்டுரை, கணினி செய்யும் வேலையை அதன் பெயராக வைக்காதீர்கள் என்று எச்சரித்தது. வேலை மாறும், பெயர் மாறாமல் நின்று பொய் சொல்லும். இலங்கையின் தேசிய அடையாள அட்டை இலக்கத்திலும் இந்தத் தொல்லை இருந்தது. பழைய ஒன்பது இலக்க எண்ணில் பிறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டுமே. நூற்றாண்டு புரண்டதும் அது போதாமற்போனது. 2016 முதல் 12 இலக்கம் வந்தது.

பெயரில் தொடங்கிய தவறு எப்படி மௌனத்தில் போய் முடியும் என்பதற்கு 2017 சனவரி 31ஆம் திகதி, நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்நிறுவனம் தானே முழு விவரத்தையும் வெளியிட்டது என்பதால் ஊகத்துக்கு இடமில்லை. முதன்மைத் தரவுத்தளத்துக்கு டி.பி.1 என்றும் அதன் பிரதிக்கு டி.பி.2 என்றும் பெயர். பிரதி பழுதாகி நின்ற இரவில், பிரதியிலுள்ள தரவுக் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று பொறியியலாளர் ஒருவர் ஆணையிட்டார். அவர் நின்றிருந்தது முதன்மையில். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்தான் எஞ்சியது. ஒன்றை மற்றொன்றாகக் கொண்ட இது அப்பட்டமான திரிபு. ஓர் இலக்கத்தால் மட்டும் வேறுபட்ட பெயர்கள் அதற்கு வழிவிட்டன. பின்னர் எந்தச் சேர்வரில் நிற்கிறோம் என்பது திரையில் துலங்கத் தெரியும்படி மாற்றுவது அவர்கள் எடுத்த திருத்தங்களில் ஒன்றாயிற்று. ஆனால் திரிபைவிடப் பெரிய பிழை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. நாள்தோறும் எடுக்கப்படவேண்டிய காப்புப்பிரதி எடுக்கப்படவே இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, பிரதியெடுக்கும் கருவி 9.2, பொருந்தாமல் ஒவ்வொரு நாளும் தோற்றது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் உரிய கையொப்பம் இல்லையென்று ஏற்கப்படாமல் திருப்பப்பட்டது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஆகவே எல்லாம் சரி என்று எல்லோரும் இருந்தார்கள். வேறொரு தேவைக்காக ஏறத்தாழ ஆறு மணிநேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த படியிலிருந்தே மீண்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் எழுதப்பட்டவை, ஏறத்தாழ 5,000 கருத்துரைகளும் 700 புதிய கணக்குகளும் அவற்றுள் அடங்க, போய்விட்டன.

இரவில் திரிந்த கண்ணை மன்னிக்கலாம். 'செய்தி வரவில்லை' என்பதை 'பிழை இல்லை' என்று நாள்தோறும் படித்த பழக்கத்தை அவ்வளவு எளிதில் மன்னிக்க முடியாது. இதற்கும் தமிழில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவை வாதி அளவைகள் பத்தையும் சொல்லிவிட்டு, அளவைபோலத் தோன்றிக் கெடுக்கும் போலிகள் எட்டையும் அடுக்குகிறான். திரியக்கோடல், ஐயம் ஆகியவற்றோடு 'தேராது தெளிதல்' என்பதும் அதில் ஒன்று: ஆராயாமலேயே உறுதிகொண்டுவிடுவது. ஐயத்தில் நிற்பவனுக்குத் தான் ஐயத்தில் நிற்பது தெரியும். தேராது தெளிந்தவனுக்கு அது தெரியாது. அவன் நிம்மதியாக இருப்பான். அந்த நிம்மதிதான் ஆபத்து. இன்று ஏ.பி.ஐ கிளையன்ட், அதாவது வேறொரு சேர்வரை அழைத்துத் தரவு கேட்கும் நிரல், எழுதுகிறவர்களிடம் மலிந்திருக்கும் வழக்கமும் இதுவே. தூரத்துச் சேர்வரை அழைக்கிறோம். '404' என்று பதில் வரலாம்: கேட்டது இங்கே கிடைக்கவில்லை. '403' வரலாம்: உனக்கு அனுமதி இல்லை. '503' வரலாம்: இப்போது பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஒன்றுமே வராமல் நேரம் முடிந்துபோகலாம். நான்கும் நான்கு செய்திகள். நான்கையும் ஒரே வலையில் பிடித்து, வெறும் பட்டியல் ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டு அமைதியாகும் நிரல்கள் எண்ணிறந்தவை. மேலே இருப்பவர் பார்ப்பது வெறும் பட்டியலை. அவர் வாசிப்பது: 'எதுவும் இல்லை.'

இல்லை என்பதை எப்போது சொல்லலாம் என்பது இந்தியத் தருக்கத்தின் நீண்ட வழக்கு. குமாரிலரின் மீமாஞ்சை மரபினர் இன்மையை அறிய, காணாமை என்பதையே தனி அளவையாக வைத்தனர். நியாயவாதிகள் இன்மையும் காட்சியால் அறியப்படுவதே என்றனர். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்துக்குள் கொண்டுவந்தார். சித்தியார் இன்மை முதலான பல அளவைகளையும் எண்ணிக் காட்டிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது. எந்தப் பெட்டியில் போடுவது என்பதில்தான் சண்டை; ஒரு நிபந்தனையில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். இருந்தால் கண்டிருப்பேன் என்று சொல்லத்தக்க பொருளைக் காணாதபோதுதான் இல்லை என்னலாம். வெளிச்சம் உள்ள முற்றத்தில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டில் தெரியவில்லை என்றால் அப்படிச் சொல்ல முடியாது. இயல்பிலேயே கண்ணுக்குப் புலப்படாத பேய் அந்த முற்றத்தில் இல்லை என்பதற்குக் காணாமை சான்றாகாது என்கிறார் தர்மகீர்த்தி. அங்கே எஞ்சுவது ஐயம் மட்டும். பேயை நம்பச் சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. காணாமை என்ற கருவி எதுவரை அளக்கும் என்று கோடு போட்டார். '404' பெரும்பாலும் வெளிச்சமுள்ள முற்றம். நேரம் முடிந்துபோனது இருட்டு.

இங்கிருந்து சமயக் கேள்விக்கு நேராகப் போகலாம். இறைவனை நோக்கி மன்றாடியவனுக்குப் பதில் வரவில்லை. இதிலிருந்து என்ன பெறப்படும்? காட்சி ஒன்றே அளவை என்னும் உலகாயதன், கேட்பார் இல்லை என்பது பெறப்படும் என்பான். சித்தியாரின் பரபக்கம் மற்றச் சமயங்களை மறுக்கப் புகும்போது முதலில் எடுத்துக்கொள்வது அவனைத்தான். அவனுக்குரிய மறுமொழி மேலே சொன்னதிலேயே இருக்கிறது: இருந்தால் இந்தக் கருவிக்குப் புலப்பட்டிருக்கும் என்பதை முதலில் நிறுவு, பிறகு இல்லை என்று சொல். நம் மேடைகளில் சைவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக் கைதட்டு வாங்கிக்கொள்கிறார்கள். நேர்மை இன்னும் ஓரடி போகச் சொல்கிறது. மௌனத்தை இல்லை என்று படிப்பது தேராது தெளிதல் என்றால், மௌனத்தை ஆம் என்று படிப்பதும் அதுவேதான். கேட்டது கிடைத்தால் அருள், கிடைக்காவிட்டால் சோதனை, தாமதமானால் காலம் வரவில்லை என்று எல்லா விளைவையும் ஒரே விடையில் அடக்குகிறவர், கிட்லாப்பின் காப்புப்பிரதியை நம்பியவர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார். எச்சரிக்கை வராததை நலம் என்று அவர்கள் படித்தார்கள். விடை வராததை விடை என்று இவர் படிக்கிறார். மௌனம் இருவருக்குமே சாட்சி சொல்ல வரவில்லை.

இதற்குச் சித்தாந்தி ஒருவர் தடை எழுப்பலாம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்றல்லவா; இறைவன் மறைந்து நிற்பதை நூலே சொல்லும்போது மௌனத்தை அவன் செயலாகக் கொள்வது எப்படித் தேராது தெளிதல் ஆகும்? தடை வலுவானது. ஆனால் அது எங்கிருந்து வலுப் பெறுகிறது என்று பார்க்கவேண்டும். மறைத்தல் உண்டு என்பது ஆகமத்தாலும் கருதலாலும் பெறப்பட்டது. மௌனத்தைக் கேட்டுப் பெறப்பட்டதல்ல. கிட்ஹப்பின் ஏ.பி.ஐ, அனுமதியில்லாத ஒருவர் தனிப்பட்ட நிரல் களஞ்சியம் ஒன்றைக் கேட்டால், '403' என்று சொல்லாமல் '404' என்றே சொல்லும். உனக்கு அனுமதி இல்லை என்று சொன்னாலே, அப்படி ஒன்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? இணைய நெறிமுறையும் இதற்கு இடம் தருகிறது; '404' என்பது காணவில்லை என்றும் பொருள்படும், இருப்பதை வெளியிட விருப்பமில்லை என்றும் பொருள்படும். வந்த பதிலை எத்தனைமுறை உற்றுப் பார்த்தாலும் இது தெரியவராது. அந்தச் சேவையின் கையேட்டைப் படித்தவருக்குத்தான் தெரியும். கையேடு உரை அளவை. அதன் சொல்லை நம்பலாமா என்பது தனியே ஆராயப்படவேண்டியது. ஆராய்ந்து ஏற்றவர் மறைத்தலைப் பேசட்டும். மௌனத்தை மட்டும் முதலாக வைத்து மறைத்தலை நிறுவ முடியாது.

நடைமுறை தெரிந்தவர் வேறொரு தடை சொல்வார். ஐயத்திலேயே நின்றால் காரியம் நடக்காது; எந்த நிரலும் முடிவில்லாமல் காத்திருக்க முடியாது; எங்கேயோ ஒரு முடிவு எடுத்துத்தானே ஆகவேண்டும்? எடுக்கத்தான் வேண்டும். ஆனால் செய்வதற்கான முடிவு வேறு, உண்மை இன்னது என்ற முடிவு வேறு. ரொறன்ரோவிலிருந்து ஒருவர் ஊருக்குப் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியபின் பதில் வரவில்லை. பணம் போகவில்லை என்று தீர்மானித்து மறுபடி அனுப்பினால் இரண்டுமுறை போகலாம்; போய்விட்டது என்று தீர்மானித்து விட்டுவிட்டால் ஒருமுறையும் போகாமலிருக்கலாம். இதற்குக் கட்டணச் சேவைகள் கண்ட வழி, அந்த அனுப்புதலுக்கே ஒரு பெயர் வைப்பது. ஸ்ட்ரைப் போன்ற சேவைகளில் ஒவ்வொரு வேண்டுகோளோடும் தனித்த ஒரு திறவுச்சொல்லைச் சேர்த்து அனுப்பலாம். அதே திறவுச்சொல்லோடு பத்துமுறை கேட்டாலும் பணம் ஒருமுறைதான் நகரும். முதல்முறை கிடைத்த விடையே திரும்ப வரும். ஆகவே ஐயத்தை ஐயமாகவே வைத்துக்கொண்டு, அச்சமில்லாமல் திரும்பக் கேட்கலாம். பொருளுக்கு மட்டுமல்ல, செயலுக்கும் பெயர் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. பெயர் சரியாக இருக்கும் இடத்தில் ஐயம் தீங்கு செய்வதில்லை. தொடக்கத்தில் இரண்டு கேள்விகளும் ஒன்றே என்றதன் காரணம் இதுதான்.

கணினிக்கு அறிவு கிடையாது, அதற்கு அளவை நூலை ஓதுவது சித்தாந்தத்தை மலினப்படுத்துவது என்பார் சிலர். கணினி அறிகிறது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கணினி சொன்னதை வைத்து அறிகிறவர் மனிதர். திரையில் வரும் சொல் அலுவலருக்கு உரை அளவையாகிறது. அலுவலர் சொல்வது கவுண்டரின் மறுபக்கத்தில் நிற்பவருக்கு உரை அளவையாகிறது. சண்டிலிப்பாயை ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்கள் 'ச' ஒலியை இரண்டு விதமாகத் தொடங்குகிறார்கள், நடுவில் ஒரு எழுத்தை ஒருமுறை போடுகிறவரும் உண்டு, இருமுறை போடுகிறவரும் உண்டு. அங்கே இயங்கும் பிரதேச செயலகப் பிரிவுக்கு உத்தியோகபூர்வப் பெயர் வலிகாமம் தென்மேற்கு. ஒரே ஊர் இத்தனை பெயரில் நடமாடும்போது, ஓர் எழுத்துக்கூட்டலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் 'பதிவு இல்லை' என்று சொல்வது எவ்வளவு எளிது. பெயர் பொருந்தவில்லை என்பதற்கும் ஆள் இல்லை என்பதற்கும் இடையே அந்தத் திரையில் வேறுபாடு காட்டப்படாவிட்டால், அலுவலர் நல்லவராக இருந்தும் பயனில்லை.

தெரியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையிலான இந்த வேறுபாட்டின் பாரம் இலங்கையின் வடக்கில் தெரியாதவர் இல்லை. நிரல் பற்றிய பேச்சோடு இதைச் சேர்த்து எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனால் தருக்கம் அதுவேதான். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போர்ச் சூழலில் ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போயிருப்பவர்களை இறந்தவர்களாகப் பதிவதற்கு வழிசெய்தது. செய்தி இல்லை, ஆகவே இறந்தார் என்ற முடிவு அது. அந்தச் சான்றிதழை வாங்க மறுத்த குடும்பங்களைச் சிலர் உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்றார்கள். அளவை நூலின்படி அவர்கள் பக்கமே சரி. பதில் சொல்லவேண்டியவர் பதில் சொல்லாமலிருக்கும்போது, வெளிச்சமில்லாத முற்றத்தைக் காட்டிக் குடம் இல்லை என்று கையொப்பமிடச் சொல்வதை அவர்கள் ஏற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமைச் சான்றிதழ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. உயிரோடிருக்கிறார், இறந்துவிட்டார் என்ற இரண்டுக்கும் நடுவே, தெரியவில்லை என்பதையும் ஒரு நிலையாக அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. தேடலுக்கு அது விடை அல்ல. காணாமற்போனவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் அந்தச் சான்றிதழோடு நின்றுவிடவும் இல்லை. ஆனால், தெரியாததை இல்லை என்று எழுதாமல் தெரியாதது என்றே எழுதும் ஒரு படிவமாவது இருக்கிறது. தரவுத்தளத்தை அழைக்கும் நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலிலும் அப்படி ஒரு நிலைக்கு இடம் வைக்கவேண்டும். பதில் வராத அழைப்புக்கு வெறும் பட்டியலைத் திருப்பித் தருவது பொய்ச்சாட்சி.